புகை விடாமல் போன மோட்டார் சைக்கிள்

வல்லை வெளியை உச்சிப் பொழுதில் கடக்கும்போது கதைக்கக்கூடாது, பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எங்கள் வயதுக்காரரை எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். இப்போது பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த வெளியில் ஆளைப் பிடிக்கும் என்ற முனிக்கும் வயதாகிக் காது மந்தமாகியிருக்கும். ஆனால் எனக்கு அந்த வெளி வந்தால் இன்றைக்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும். வேலைக்காலம் முழுவதும் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். பேய் பிசாசு இல்லை என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொன்னவள். அந்த இடத்தில் மட்டும் யன்னல் பக்கம் பார்க்க மாட்டேன்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், இது நடந்தது இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசிக்குக் கூப்பன், சீலைக்குக் கூப்பன், பெற்றோலுக்குக் கூப்பன். எங்கள் வீடு உடுப்பிட்டியில். ஐயா புகையிலை வியாபாரி. அவரிடம் ஒரு கார் இருந்தது. கூப்பன் பெற்றோல் காணாதபடியால் அது மாதத்தில் பாதி நாள் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள்தான் நின்றது. அப்படியிருந்தும் ஐயா ஒவ்வொரு நாளும் விடிய அதன் மூடியைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து, துணியால் துடைத்து, திரும்ப விட்டு இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் திருநீறு பூசுவார். "சாமிக்கு முந்தி உந்தக் காருக்குத்தான் பூசை" என்று அம்மா சொல்லுவா.

சின்னையா ஐயாவின் ஒரே தம்பி. மலாயாவில் வேலை பார்த்து, யுத்தம் அங்கே எட்டுவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டவர். கப்பலில் தன்னோடு ஒரு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அது ஒழுங்கையால் போனால் பின்னால் நீலப் புகை எழும்பி வேலிக்கு மேலே நிற்கும். அம்மா கொடியில் காயப்போட்ட சீலையெல்லாம் அந்த மணம் மணக்கும். மண்ணெண்ணெயும் அல்ல, பெற்றோலும் அல்ல. எரிந்த எண்ணெயின் கொஞ்சம் தித்திப்பான மணம். அம்மா திட்டுவா. நான் அந்தச் சீலையை முகத்தோடு சேர்த்துப் பிடித்து மணந்து பார்ப்பேன். சின்னையா வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அதுதான் எனக்கு அடையாளம்.

இங்கே கொஞ்சம் படிப்பிக்கத்தான் வேண்டும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவின் கார் நாலு நடை எஞ்சின். பிஸ்ரன் இறங்கிப் பெற்றோலையும் காற்றையும் உறிஞ்சும். ஏறி அமுக்கும். பொறி பட்டு வெடித்ததும் இறங்கும். திரும்ப ஏறிப் புகையை வெளியே தள்ளும். அடியில் தனியாக ஒரு தொட்டியில் எண்ணெய் கிடக்கும். எஞ்சின் அதை எடுத்து உரசுகிற இடமெல்லாம் பூசிக்கொள்ளும். பெற்றோலுக்கும் எண்ணெய்க்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. சின்னையாவின் மோட்டார் சைக்கிள் இரண்டு நடை எஞ்சின். பிஸ்ரன் ஏறும்போதே அமுக்கலும் உறிஞ்சலும் முடிந்துவிடும். இறங்கும்போதே வெடிப்பும் புகை தள்ளலும். அதில் பெற்றோல் நேரே மேலே போகாது. முதலில் கீழே, தண்டு சுழலுகிற பெட்டிக்குள் வந்து, அங்கேயிருந்துதான் மேலே ஏறும். அந்தப் பெட்டிக்குள் எண்ணெயைத் தேக்கி வைக்க வழியில்லை. ஆகவே எண்ணெயைப் பெற்றோலோடேயே கலந்து ஊற்றிவிட வேண்டும். அது போகிற வழியிலே உள்ளே எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, மேலே போய் எரிந்து புகையாகிவிடும்.

சின்னையா அந்தக் கலவையைக் குசினிக்குப் பின்னால் வைத்துச் செய்வார். அளவுக்கு தண்ணீர் குடிக்கிற அம்மாவின் மூக்குப்பேணி ஒன்றைக் களவெடுத்து வைத்திருந்தார். எண்ணெயை அதில் அளந்து தகரத்துக்குள் விட்டு, மூடியை இறுக்கி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டுவார். ஐயா புகையிலைக் கொட்டிலுக்குப் போன பிறகுதான் இதெல்லாம் நடக்கும். ஐயா கண்டதில்லை. காணும் நிலைமையும் அப்போது வீட்டில் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் கோவம்.

கோவம் என்றால் எங்கள் ஊரில் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டை முடிந்துவிடும், கோவம் முடியாது. ஒரே கிணற்றில் குளித்து, ஒரே குசினியில் சாப்பிட்டு, ஒரு சொல் கதைக்காமல் வருடக்கணக்காக இருப்பார்கள். நடுவில் தபால்காரி நான். "உன்ரை சின்னையாட்டைச் சொல்லு, படலையைக் கொழுவாமல் போகவேண்டாமெண்டு" என்பார் ஐயா. சின்னையா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் திரும்பி அதையே சொல்ல வேண்டும். "கொழுவினது நான்தான், திறந்துவிட்டது மாடு எண்டு உன்ரை ஐயாட்டைச் சொல்லு" என்பார் அவர். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

கோவத்துக்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் ரீச்சர். நெல்லியடியிலிருந்து வருவார். கையைப் பிடித்து ஊசி ஓடக் காட்டித் தருவார். பிழைத்தால் அடிக்க மாட்டார், அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தருவார். என்னைக் கூட்டிப்போக வந்த இடத்தில் சின்னையா அவரைக் கண்டு, ஆள்விட்டுக் கேட்டு, அந்த வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். சாதகம் பார்த்த சாத்திரியார்தான் தலையை ஆட்டினார். பொம்பிளைக்குச் செவ்வாய்க் குற்றம், மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்றார்.

"உயிருக்கு ஆபத்தெண்டு தெரிஞ்சுகொண்டு ஆர் தன்ரை தம்பிக்குக் கட்டிவைப்பான்?" என்றார் ஐயா.

"செவ்வாயிலை இருந்துகொண்டு என்னை ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்கேல்லை, அண்ணை. நான் கட்டுறதெண்டால் அவவைத்தான் கட்டுவன்."

"அப்ப இந்த வீட்டிலை பொன்னுருக்கு நடக்காது."

அதுதான் அவர்கள் நேருக்கு நேர் கடைசியாகக் கதைத்தது.

பொன்னுருக்கு நடக்காவிட்டாலும் சின்னையா விடவில்லை. வேறோர் உறவினர் வீட்டில் தாலிக்குப் பொன் உருக்க ஒழுங்கு செய்தார். கூறைச்சேலையைத் தானே யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் எடுக்கிறதென்று நாளும் வைத்தார். அதற்காகவே கூப்பன் பெற்றோலைச் சேர்த்துக் கலந்து, தகரத்தில் மூடி மாட்டுக்கொட்டிலில் வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி அப்போது காய்ந்து போய்க் கிடந்தது.

போகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ஐயா அந்தத் தகரத்தைக் கண்டார். திறந்து மணந்தார். விரலை விட்டு எடுத்து, பெருவிரலோடு உரசிப் பார்த்தார். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன்.

"உங்கை பார்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இது பெற்றோலோ? வழுவழுவெண்டு கிடக்கு. கழிவெண்ணெயை ஊத்திப் பெற்றோலெண்டு குடுத்திருக்கிறாங்கள். மலாயாவுக்குப் போய் வந்தவனாம், ஏமாந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். உதைக் குடிச்சால் புகைக்காமல் என்ன செய்யும்?"

அந்த நாளில் பெற்றோலில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்று ஊரெல்லாம் ஏமாற்றினார்கள். ஐயாவின் காரே ஒரு தடவை அதைக் குடித்துவிட்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறது. சூடு கண்ட பூனை அவர்.

அம்மா, "அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோவன்" என்றா.

"நான் அவனோடை கதைக்கிறேல்லை."

"அப்ப விடுங்கோ."

ஐயா விடவில்லை. தகரத்தைக் கொண்டுபோய், பின்வேலிக் கதியால் தடியில் ஏறியிருந்த கறையானுக்கு ஊற்றினார். பிறகு காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, றப்பர்க் குழாயைத் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சினார். வேட்டியில் ஒரு கசங்கல் பொறுக்காத மனுசன், வாய் நிறையப் பெற்றோலை எடுத்துத் துப்பிவிட்டு, கண் கலங்கத் தகரத்தை நிரப்பினார். கழுவித் துடைத்த தகரம், கலப்பில்லாத பெற்றோல். பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். தம்பியின் கலியாணத்துக்கு அவர் செய்த சீர் அது என்று எனக்கு அப்போதே விளங்கியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சின்னையாவிடம் சொல்ல ஓடினேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினா.

"பேசாமல் இரு. நீ சொன்னால் இவருக்கு வெக்கமாய்ப் போடும். நாளைக்கு அவர் கூறையோடை வரட்டும். தானாய்க் கதைப்பினம்."

அடுத்தநாள் காலமை சின்னையா தகரத்தை அப்படியே தாங்கிக்குள் ஊற்றினார். பார்க்க என்ன இருக்கிறது, தான் கலந்து வைத்த தகரம்தானே. உதைத்து எழுப்பி, வழக்கம்போலப் புகை கிளப்பிக்கொண்டு போனார். கொஞ்சத் தூரம் போனவர் திரும்பி வந்தார். கூறையைச் சுற்றிக் கொண்டுவர அம்மா எடுத்து வைத்த வெள்ளைத் துண்டை மறந்துவிட்டாராம். புறப்பட்டுத் திரும்பினால் கூடாது என்று அம்மா அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் குடிக்க வைத்தா.

"இண்டைக்கு எஞ்சின் எவ்வளவு துப்பரவாய் ஓடுது, மச்சாள்" என்றார் சின்னையா அம்மாவிடம். ஐயா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

இரண்டாம் தரம் போனபோது நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். அம்மா நல்ல நேரம் பார்த்து விட்டதில் வெயில் உச்சியை நெருங்கிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போய்த் தெருவில் ஏறியது. பின்னால் ஒன்றும் இல்லை. வேலிக்கு மேலே வெறும் ஆகாயம். புகை வரவில்லை.

வல்லை வெளி உங்களுக்குத் தெரியும். மரமில்லை, மறைப்பில்லை. உப்புக் காற்று நெஞ்சில் வந்து மோதும். அதை எதிர்த்துப் போக எல்லோரும் வேகத்தைக் கூட்டுவார்கள். அங்கே, ரவுணுக்குப் போகிற வழியிலேயே, உச்சிப் பொழுதில், ஓடிக்கொண்டிருந்தபடியே பின்சில்லு ஒரேயடியாக நின்றுவிட்டது. சின்னையா தூக்கி எறியப்பட்டு மதகுக் கல்லில் தலை அடிபட்டு விழுந்தார். எதிரே வந்த வண்டில்காரர்தான் கண்டார். மனுசனையும் மோட்டார் சைக்கிளையும் வைக்கோலின் மேல் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

"ஆரோ பிடிச்சு நிப்பாட்டின மாதிரி நிண்டுது, ஐயா. இப்பவும் சில்லு உருளுதில்லை, பாருங்கோ" என்றார் வண்டில்காரர். சின்னையா வெளிக்கரை முனியப்பர் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் போனவராம். கூடி நின்றவர்கள் சில்லைத் தள்ளிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. முனி இன்னும் விடவில்லை என்று விலகி நின்றார்கள்.

செத்தவீட்டில் ஒப்பாரி சொன்ன பெண்கள் என்னை மடியில் இருத்திக் கேட்டார்கள். போகும்போது சின்னையா என்ன சொன்னவர், எப்படிப் போனவர் என்று. நான் கண்டதைச் சொன்னேன். "புகை வரேல்லை."

"கேட்டியளே! சாகப்போறவனுக்கு நிழல் விழாதெண்டுவினம். இவனுக்குப் புகையே விழேல்லை" என்று ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டா. மற்றவர்கள் அதை எடுத்து ஒப்பாரியில் வைத்தார்கள். அந்த வீட்டில் உண்மையான சாட்சி சொன்னவள் நான் ஒருத்திதான். அதைப் பாட்டாக்கிவிட்டார்கள்.

பின்னேரம் தையல் ரீச்சர் தன் தாயோடு வந்தார். வெள்ளைச் சீலை. படலையடியில் நின்றார். ஐயா முற்றத்தைத் தாண்டிப் போனதை இன்றைக்கும் காண்கிறேன்.

"உன்ரை செவ்வாய் என்ரை தம்பியைத் திண்டு முடிச்சிட்டுது. இனி என்னத்தைப் பாக்க வந்தனி?"

"ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போறன்."

"படலையைச் சாத்துங்கோ" என்றார் ஐயா.

சாத்தினார்கள். ரீச்சர் போகவில்லை. படலைக்கு வெளியே, கிடுகு ஓட்டையால் சீலையின் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. பாடை வெளியே வரும்போது பார்க்கலாம் என்று நின்றிருப்பார். ஐயா அதையும் விடவில்லை. பின்வேலியை வெட்டச் சொன்னார். சின்னையாவைப் பின்பக்கத்தால் கொண்டுபோனார்கள். முன்னால் நின்றவருக்குப் பறைச் சத்தம் தூரத்தில் போன பிறகுதான் விளங்கியிருக்கும். அதன் பிறகு அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவர் தைப்பித்த சட்டைத் துணியைப் பிள்ளைகளின் தாய்மார் அடுப்பில் போட்டார்கள்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு அன்று, கொட்டிலில் நின்ற மோட்டார் சைக்கிளை அகற்ற ஒருவர் கை வைத்தார். இறுகிக் கிடந்த சில்லு தானாக உருண்டது. உருண்டபோது உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. முனி இப்போதுதான் கைவிட்டது என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் மத்தியானத்தில் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் வீட்டுக்குள் சின்னையாவின் மணம் வரும். அதே எண்ணெய் மணம். அம்மா உலைமூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவா. ஐயா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பி, கை கழுவாமலே தெருவைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "சின்னையா, போகாதேங்கோ" என்று மனதுக்குள் சொல்லுவேன். பயமும் இருந்தது, அவர் வந்தால் நல்லது என்ற ஆசையும் இருந்தது. அந்த மாரி முழுக்கப் பெய்து ஓய்ந்த பிறகுதான் மணம் நின்றது.

நான் படித்து, ரீச்சராகி, முதல்முதல் எஞ்சின் பாடம் எடுத்த நாள் வந்தது. கரும்பலகையில் இரண்டு நடை எஞ்சினைக் கீறி, அம்புக்குறி போட்டு, எண்ணெய் போகும் வழியைக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"ரீச்சர், எண்ணெய் கலக்காமல் விட்டால்?"

"கொஞ்சத் தூரம் ஓடும். உள்ளே பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும்தானே. பிறகு சூட்டில் பிஸ்ரன் விரிஞ்சு சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும், சில்லு அப்படியே நிண்டுவிடும். ஆறினால் சிலவேளை தானாய் விட்டுவிடும். அதுக்கு முதலே கண்டுபிடிக்கலாம், ஏனெண்டால் புகை..."

 சுண்ணக்கட்டியோடு நின்றேன். தகரம் கண்ணில் வந்தது. ஐயா வாயால் உறிஞ்சித் துப்பியது வந்தது. சில்லின் பெருமூச்சு, அமுங்கிய காற்று வெளியேறிய சத்தம். மத்தியான மணம், கதியாலடியில் ஊற்றிய கலவை வெயிலில் சூடாகி எழும்பியது. ஒவ்வொன்றாக வந்து நின்றன. பிள்ளைகள் ரீச்சருக்குச் சுகமில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. ஐயா காரை விற்று நெடுங்காலம். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி முழுவதையும் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தொடக்கம்?"

"அந்த மோட்டச் சைக்கிளை வாங்க வந்தவன் கழட்டிப் பாத்திட்டுச் சொன்னவன். எண்ணெயே இல்லாமல் ஓடியிருக்கு எண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முந்தி."

"அப்ப ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? அவனுக்கு அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவன் என்னை மடையா எண்டு ஏசிப்போட்டு எண்ணெயைக் கலந்துகொண்டு போயிருப்பான்."

"தையல் ரீச்சருக்குச் சொல்லியிருக்கலாம்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன். தகப்பன் என்றும் பார்க்காமல் ஏசினேன். இத்தனை காலமும் ஒரு பெண்ணை ஊர் ஆளைத் தின்னி என்று சொல்ல, தெரிந்துகொண்டு வாய் மூடி இருந்தீர்களே என்றேன்.  விடிந்ததும் ஐயா குளித்து, வேட்டி மாற்றி, "ஒரு காரைப் பிடி. நெல்லியடிக்குப் போவம்" என்றார்.

ரீச்சர் அதே வீட்டில்தான் இருந்தார். தாய் காலமாகிவிட்டா. கலியாணம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவித்துக்கொண்டிருந்தார். தலை அங்கங்கே நரைத்திருந்தது. எங்களைக் கண்டு தையல் மெசினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். "வாங்கோ, இருங்கோ" என்றார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஐயா கோப்பையைத் தொடாமல் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. தகரம், எண்ணெய், காரிலிருந்து உறிஞ்சிய பெற்றோல், வாங்க வந்தவன் சொன்னது.

"பிழை என்னிலை, பிள்ளை. உன்ரை சாதகத்திலை ஒண்டுமில்லை."

ரீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"சாதகத்திலை ஒண்டுமில்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் பெற்றோலை மாத்தினது அவருக்கு நல்லதெண்டு நினைச்சு. அது தெரியாமல் செய்த பிழை. அதுக்கு நான் உங்களை ஒண்டும் சொல்லேல்லை."

ஐயா தலையை நிமிர்த்தினார். அவர் கண் நிறைந்திருந்தது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"படலையைச் சாத்தினது?" என்று கேட்டார் ரீச்சர். "நான் முன்னுக்கு நிக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டு பின்வேலியை வெட்டினது? அது என்ன தெரியாமல் செய்தனியள்?"

ஐயா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.  முற்றத்தில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப் போயிற்று. ரீச்சர் எழும்பிக் கோப்பையை உள்ளே கொண்டுபோய், சூடாக்கிக் கொண்டுவந்து திரும்பவும் ஐயாவுக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டு எதிரே இருந்து, பதில் வரட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.